ஃபில்டர் ஓடாத நேரம்

பான், ஜெர்மனி
12 பிப்ரவரி 2006

அன்புள்ள அண்ணன் நியாஸுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். தங்கை ஹஸ்னா எழுதுவது. இறைவன் அருளால் எனக்கு உடம்புக்கு ஒரு குறையும் இல்லை. இந்தக் குளிரில் மூக்கு மட்டும் என் பேச்சைக் கேட்பதில்லை. நீயும் ஜபீன் மச்சியும் சுகமா? மச்சிக்கு மசக்கை வாந்தி நின்றதா? பழவேற்காட்டுக்குப் போனால், வாப்பாவின் முழங்காலுக்கு நான் அனுப்பிய தைலம் வந்ததா என்று கேட்டு எழுது.

போனில் பேசினால் உம்மா அழுகிறாள். வாப்பா "காசு ஓடுது, வெய்ம்மா" என்கிறார். நீயும் நானும் பேசுவதற்குள் நேரம் முடிந்துவிடுகிறது. அதனால் கடிதமே மேல்.

"எம் பொண்ணு ஜெர்மனில பொகைய எண்ணுது" என்று உம்மா தெருவெல்லாம் சொல்லி வைத்திருக்கிறாளாமே! முழுக்கத் தப்பும் இல்லை. பணக்கார நாடுகள் தங்கள் கரியமில வாயுவைக் குறைப்பதாகக் கியோட்டோவில் ஒப்பந்தம் போட்டன அல்லவா? தங்கள் ஊரிலேயே முழுதும் குறைக்க முடியாவிட்டால், நம்மைப் போன்ற நாட்டில் ஒரு தொழிற்சாலை குறைத்துக் காட்டும் அளவை விலைக்கு வாங்கித் தங்கள் பங்கில் சேர்த்துக்கொள்ளலாம். குறைத்ததாகச் சொல்பவர்கள் உண்மையாகவே குறைத்தார்களா என்று பார்க்க விதிகள் வேண்டும். அந்த விதிகளை எழுதித் திருத்தும் இந்த ஒப்பந்த அலுவலகத்தின் சட்டப் பிரிவில் கடைசி மேசை என்னுடையது.

போன வாரம் ஒரே ஒரு வரிக்கு ஒரு நாள் முழுதும் போயிற்று. திட்டம் வரும் இடத்தில் சுற்றியுள்ள மக்களைக் 'கேட்க வேண்டும்' என்று ஒரு கட்சி. 'கேட்டதற்கு ஆதாரம் காட்ட வேண்டும்' என்று ஒரு கட்சி. மாலையில் இரண்டையும் சேர்த்துக் கட்டி ஒரு வாக்கியம் செய்தார்கள். நான் அதை ஏழு முறை தட்டச்சு செய்தேன். இதற்காகவா எம்.எல். படித்தேன் என்று தோன்றியது. இந்த வரியை உலகத்தில் யாராவது படிப்பார்களா, சொல்.

மச்சியைக் கனமான எதையும் தூக்க விடாதே. உங்கள் எல்லோருக்கும் என் துஆ.

ஹஸ்னா


கும்மிடிப்பூண்டி
20 மார்ச் 2006

அன்புத் தங்கை ஹஸ்னாவுக்கு,

வ அலைக்கும் ஸலாம். கடிதம் கிடைத்தது. ஜபீன் இப்போது நன்றாகச் சாப்பிடுகிறாள். இறால் வாடை மட்டும் ஆகவில்லை. வாப்பா ஆசையாகக் கொண்டுவந்த இறாலைத் திருப்பி அனுப்பினோம். தைலம் வந்தது. வாப்பா அதைப் பூசாமல், வருகிறவர்களுக்கெல்லாம் பாட்டிலைக் காட்டிக்கொண்டிருக்கிறார்.

உன் வரியைப் படிக்க இங்கே ஆள் இருக்கிறதம்மா! எங்கள் இரும்புக் கம்பெனியும் உன் ஒப்பந்தத்தில் சேரப் போகிறது. சூளையிலிருந்து வீணாகப் போகும் சூட்டை வைத்தே மின்சாரம் எடுக்கப் போகிறார்கள். அதற்கு வெளிநாட்டிலிருந்து பணம் வருமாம். என் தங்கை அங்கேதான் இருக்கிறாள் என்று, ஆள் வருகை எழுதும் எங்கள் டைம் ஆபீஸ் முழுக்கச் சொல்லிவிட்டேன்.

போன மாதம் கம்பெனி சார்பில் பின்பக்கத்து ஊரான ஆலமேட்டில் இலவசக் கண் முகாம் நடத்தினோம். நாற்பத்து மூன்று பேருக்குக் கண்ணாடி. மேசை போட்டு உட்கார்ந்து பெயர் எழுதி, கையெழுத்தும் கைநாட்டும் வாங்கினது நான்தான். எல்லோருக்கும் சந்தோஷம், கலியண்ணனைத் தவிர. மதிலை ஒட்டி இரண்டு ஏக்கரில் நவரை நெல் வைத்திருக்கிறவர். மறுநாள் கேட்டருகே என்னைப் பிடித்துக்கொண்டார்.

"இன்னா நியாஸு, கண்ணாடி குட்த்து இன்னா பிரயோஜனம்? அத்த மாட்டிக்கினு பார்த்தா பயிரு மேல கரி இன்னும் நல்லாத் தெரீது."

அவர் சொல்வதும் நிஜம். புகைபோக்கிக்கு முன்னால் தூசியைப் பிடிக்க ஆள் உயரத்துக்கு நாலு மடங்கு ஃபில்டர் ஒன்று நிற்கிறது. அது நிறைய கரண்ட் சாப்பிடும். மிச்சம் பிடிக்க அதை நிறுத்திவிடுவார்கள். நிறுத்தின ஒரு மணி நேரத்தில் ஆலமேட்டில் துணி காயப்போட முடியாது. பெரிய இடத்து விஷயம், நான் என்ன செய்ய?

நேரத்துக்குச் சாப்பிடு.

அண்ணன் நியாஸ்


பான்
18 ஏப்ரல் 2006

அன்புள்ள அண்ணனுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே மரங்கள் துளிர்க்கின்றன. மூக்கும் வழிக்கு வந்துவிட்டது. வாப்பாவைத் தைலத்தைக் காலில் பூசச் சொல்.

உன் கம்பெனியும் சேரப் போகிறது என்று படித்ததும் நான் ஒரு காரியம் செய்தேன். என் மேலதிகாரி அம்மாளிடம் போய், "என் அண்ணன் அங்கே வேலை பார்க்கிறார்" என்று எழுதிக் கொடுத்தேன். இனி அந்தத் திட்டத்தின் காகிதம் எதுவும் என் மேசைக்கு வராது. அதைப் பற்றி நான் உன்னிடம் பேசக் கூடாது. நீயும் கேட்கக் கூடாது. கோபித்துக்கொள்ளாதே. விதி எழுதுகிறவள் முதலில் அதற்குக் கட்டுப்பட வேண்டும்.

ஊருக்கே தெரிந்ததை மட்டும் சொல்லலாம். எந்தத் திட்டமானாலும் அதன் முழு அறிக்கையும் முப்பது நாள் இணையத்தில் கிடக்கும். உலகத்தில் யார் வேண்டுமானாலும் படிக்கலாம், கருத்து எழுதலாம்.

கலியண்ணனை நான் கேட்டதாகச் சொல். மச்சிக்கு முத்தங்கள்.

ஹஸ்னா


பான்
30 ஜூலை 2006

அன்புள்ள அண்ணனுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். மூன்று மாதமாக உன்னிடமிருந்து ஒரு வரியும் இல்லை. எல்லோரும் சுகம், உனக்கு இரட்டை ஷிப்ட் என்று உம்மா சொன்னாள். மச்சிக்கு இது எட்டாம் மாதம். ஆஸ்பத்திரிக்கு வண்டி பேசி வைத்தாயா?

மேலதிகாரியிடம் அனுமதி கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். "அந்த இணையப் பக்கம் இருக்கிறது என்று உலகத்தில் யாருக்கும் சொல்லலாம். அதற்காகத்தானே அது பொதுப் பக்கம்?" என்றார். கம்பெனியின் அறிக்கை நாளை வெளியாகிறது. ஆகஸ்ட் 29 வரை இருக்கும். இணைய முகவரியைக் கீழே எழுதியிருக்கிறேன். இதற்கு மேல் ஒன்றும் சொல்ல எனக்கு உரிமை இல்லை.

தபால் பத்து நாள் எடுக்கும். சீக்கிரம் சேர வேண்டும்.

ஹஸ்னா


கும்மிடிப்பூண்டி
11 ஆகஸ்ட் 2006

அன்புத் தங்கைக்கு,

ஸலாம். கடிதம் நேற்று வந்தது. பஜாரில் ஷாஹுலின் பிரௌசிங் சென்டருக்குப் போய் அந்த அறிக்கையைப் பார்த்தேன். எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது.

ஜபீனுக்குக் கால் வீக்கம். டாக்டர் செப்டம்பர் முதல் வாரம் என்கிறார். இந்த நேரத்தில் எனக்கு வேலை முக்கியம். இனி கம்பெனி விஷயம் எழுத வேண்டாம்.

நியாஸ்


பான்
19 ஆகஸ்ட் 2006

அன்புள்ள அண்ணனுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உன் கடிதம் இன்று வந்தது. மச்சியைக் காலை உயர்த்தி வைத்துப் படுக்கச் சொல். உப்பைக் குறைக்கச் சொல்.

பொதுப் பக்கம் என்பதால், மற்றவர்களைப் போல நானும் அந்த அறிக்கையைப் படித்தேன். கடைசிப் பக்கத்தில் ஒரு பெயர்ப் பட்டியல் இருக்கிறது. நாற்பத்து மூன்று பெயர்கள். அதைப் பற்றி நான் எதுவும் எழுதப் போவதில்லை.

நம் வீட்டில் எல்லோரையும் விட அழகான கையெழுத்து உன்னுடையது என்று வாப்பா சொல்வார்.

ஹஸ்னா


கும்மிடிப்பூண்டி
29 ஆகஸ்ட் 2006

என் அன்புத் தங்கை ஹஸ்னாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உன் 19-ஆம் தேதிக் கடிதம் இன்று காலைதான் வந்தது. அதற்குள் நான் செய்ய வேண்டியதைச் செய்து முடித்துவிட்டேன். நீ கேட்காமல் விட்டதையும், நான் சொல்லாமல் மறைத்ததையும் இப்போது முழுவதும் எழுதுகிறேன்.

ஷாஹுல் கடையில் அந்தக் கடைசிப் பக்கத்தைத் திறந்ததும் நான் கண்டது இதுதான். என் எழுத்து. நான் போட்ட வரிசை எண். கண் முகாமில் நான் வாங்கிய கையெழுத்துகள். மேலே 'இலவசக் கண் சிகிச்சை முகாம்' என்று நான் எழுதியிருந்ததை மறைத்து, 'மின் திட்டம் குறித்த மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டத்திற்கு வந்தவர்கள்' என்று ஆங்கிலத்தில் ஒட்டியிருந்தார்கள். 'அனைவரும் திட்டத்தை வரவேற்றனர்' என்று ஒரு வரி வேறு. அப்படி ஒரு கூட்டம் நடக்கவே இல்லையம்மா.

அதைப் பார்த்துவிட்டு வந்துதான் உனக்கு 'எல்லாம் சரி' என்று எழுதினேன். ஜபீனின் வயிற்றைப் பார்த்தேன், வாயை மூடிக்கொண்டேன். அவ்வளவுதான் காரணம்.

நாலு நாள் கழித்துக் கலியண்ணன் டைம் ஆபீஸ் ஜன்னலுக்கு வந்தார். "நியாஸு, ஸ்க்ரூ கழண்டுகிச்சிப்பா. ஒரு திருகு திருகிக் குடேன்" என்று கண்ணாடியை நீட்டினார். "ஒனக்குப் புண்ணியமாப் போவும். நீ எழுதிக் குட்த்ததாலதான் எனக்குக் கெட்ச்சுது" என்றார். என்னால் அந்தச் சின்ன ஸ்க்ரூவைப் பிடிக்க முடியவில்லை. வெளியே வந்து, சைக்கிள் ஸ்டாண்டில் நின்று, எல்லாவற்றையும் அவரிடம் சொல்லிவிட்டேன்.

அவர் கண்ணாடியை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். "வா ஊட்டுக்கு" என்றார்.

அவர் மனைவி சந்திரகலா அக்கா புளியில் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார். பட்டியலில் அவர் பெயர் பதினொன்றாவது. கேட்டு முடித்ததும் கையைத் துடைத்துக்கொண்டு, "எங் கையெழுத்தத் திருடுனது நீயா, அவுங்களா?" என்றார்.

"எனக்குத் தெரியாம நடந்தது அக்கா. ஆனா தெரிஞ்சப்புறம் நாலு நாளு வாயத் தொறக்கல. அத்த நான்தான் பண்ணேன்."

"எத்தினி நாளு டயம் இருக்குது?"

"இன்னும் பதினாலு நாளு."

"அப்ப இங்க குந்திக்கினு இன்னா பண்றே? எய்ந்திரு. போய் ஒரு நோட்டு வாங்கியா."

எல்லோருக்கும் சேர்த்து ஒரே மனு எழுதலாம் என்றேன். அக்கா ஒப்புக்கொள்ளவில்லை. "நாப்பத்து மூணு பேரு கையெழுத்த எட்த்தாங்க. நாப்பத்து மூணு பேரும் தனித்தனியாப் பேசட்டும்" என்றார். வீடு வீடாகப் போனோம். சிலர் என்னைத் திட்டினார்கள். ஒருவர் முகத்தில் அடித்தாற்போல் கதவைச் சாத்தினார். மறுநாள் அவரே தேடி வந்து எழுதிக் கொடுத்தார். எழுதத் தெரியாதவர்கள் சொல்லச் சொல்ல அக்கா எழுதினார். ஒரு சொல்லும் மாற்றவில்லை. கீழே நான் ஆங்கிலத்தில் பெயர்த்தேன். முத்தம்மாள் சொன்னதை அப்படியே தருகிறேன்:

"எம் பேரு முத்தம்மா. நான் கைநாட்டு வெச்சது கண்ணாடிக்கு. கரண்டு எடுக்கறதப் பத்தி என்ன யாரும் கேக்கல. கேட்டா சொல்றதுக்கு எனக்கு நெறைய கீது."

நாற்பத்து மூன்று பேரில் ஒருவர் மகள் பிரசவத்துக்கு சூலூர்பேட்டை போய்விட்டார். இன்னொருவரின் மகன் கம்பெனியில் வேலை. பயப்பட்டார், நாங்கள் வற்புறுத்தவில்லை. மற்ற நாற்பத்தொரு பேரும் எழுதினார்கள். நேற்று காலை ஷாஹுல் கடையில் ஸ்கேன் செய்ய ஆரம்பித்தோம். ஒரு தாளுக்கு ஐந்து நிமிடம். பதினேழாவது தாளில் கரண்ட் போய்விட்டது. இரண்டு மணி நேரம் ஆலமேட்டுப் பெண்கள் கடைவாசலை விட்டு நகரவில்லை. ஷாஹுல் பக்கத்து மருந்துக்கடை ஜெனரேட்டரிலிருந்து ஒயர் இழுத்தான். "பேஜாருதான் போ! பாய், நானும் எழுதலாமா?" என்று கேட்டான். உனக்குச் சம்பந்தமில்லையே என்றேன். "எங் கட போர்டுலயும் கரிதான் பாய்" என்று அவனும் ஒன்று எழுதினான். சாயங்காலம் ஐந்து மணிக்குள் எல்லாம் போய்ச் சேர்ந்தது.

கடைசியாக நான் என்னுடையதை அனுப்பினேன். பெயர், வேலை, பணி எண் எல்லாம் போட்டு, இந்தப் பட்டியலை எழுதியவன் நான், இது எதற்கு எழுதப்பட்டது என்பது இது என்று எழுதினேன். ஜபீனிடம் முதலிலேயே காட்டினேன். படித்துவிட்டு, "தேதி போடல பாருங்க" என்றாள்.

துஆ செய்.

உன் அண்ணன் நியாஸ்


பான்
4 செப்டம்பர் 2006

என் அருமை அண்ணனுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உன் பதில் இன்னும் வரவில்லை. எங்கோ ஆகாயத்தில் இருக்கும். ஆனால் எனக்குத் தெரியும். எல்லாம் தெரியும்.

இருபத்தெட்டு நாள் அந்தப் பக்கத்தில் 'வந்த கருத்துகள்: 0' என்றே இருந்தது. சாப்பாட்டு இடைவேளையில் தினமும் ஒரு முறை பார்ப்பேன். 28-ஆம் தேதி காலை வந்ததும் பார்த்தேன்: மூன்று. காபி குடித்துவிட்டு வந்தால் ஒன்பது. பிறகு பதினேழு. அதற்குப் பின் அசையவே இல்லை. இரண்டு மணி நேரம் நான் ஒரு வேலையும் செய்யவில்லை. திடீரென்று பதினெட்டு! மதியத்துக்கு மேல் நாற்பத்து மூன்று. கடைசியில் இருந்த பெயர் உன்னுடையது.

தமிழில் வந்ததைப் பார்த்து பக்கத்து மேசைக்காரன் ஓடி வந்தான், "இது என்ன மொழி? உனக்குப் படிக்கத் தெரியுமா?" என்று. "தெரியும். ஆனால் நான் சொல்லக் கூடாது" என்றேன். கீழே இருந்த ஆங்கிலத்தைச் சரிபார்க்க லண்டனிலிருந்து வேறொரு தமிழ் மொழிபெயர்ப்பாளரைப் பிடித்தார்கள். நான் மாடிப்படியில் போய் உட்கார்ந்து முத்தம்மாளின் கடிதத்தை மனசுக்குள் சொல்லிப் பார்த்தேன். அழுதேனா சிரித்தேனா என்று தெரியவில்லை. அந்த வழியாக வந்த மேலதிகாரி அம்மாள் நின்று பார்த்துவிட்டு, "சந்தோஷப்படுவதற்கு உனக்குத் தடை ஏதும் இல்லை" என்று சொல்லிப் போனார்.

ஏழு முறை தட்டச்சு செய்த அந்த வரியை நினைத்துக்கொண்டேன். எழுபது முறை அடித்திருந்தாலும் தகும்.

உன் வேலையை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது. மச்சிக்குச் சுகப்பிரசவம் ஆக இரவு பகலாக துஆ செய்கிறேன். உடனே தந்தி போல நாலு வரியாவது எழுது.

ஹஸ்னா


கும்மிடிப்பூண்டி
20 நவம்பர் 2006

அன்புத் தங்கை ஹஸ்னாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உன் மருமகள் நசீராவும் சேர்ந்து ஸலாம் சொல்கிறாள். நல்ல எடை, நல்ல குரல். அழ ஆரம்பித்தால் கம்பெனி சங்கு தோற்றது. ஜபீன் சுகம். போனில் சொன்னதுதான் என்றாலும் எழுத்தில் எழுதிப் பார்க்க ஆசை.

செப்டம்பர் 5-ஆம் தேதி என்னை சஸ்பெண்ட் செய்தார்கள். நாலாம் நாள் நசீரா பிறந்தாள். ஆலமேட்டிலிருந்து ஆட்டோ வைத்துக்கொண்டு பதினைந்து பேர் ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். வாப்பா பழவேற்காட்டிலிருந்து பஸ் ஏறி வந்தார். நான் தலைகுனிந்து நின்றேன். "வேல போச்சுன்னா போவுட்டும்டா. அந்த ஊர்க்காரங்க மூஞ்சில முழிச்சிக்கினு நடக்கறே பாரு, அது போதும்" என்றார். இரண்டரை மாதமாக ஷாஹுல் கடையில் விண்ணப்பம் நிரப்பிக் கொடுத்துப் பிழைக்கிறேன். குறை இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை நடந்ததுதான் விஷயம். திட்டத்தைச் சரிபார்க்கும் வெளிநாட்டு நிறுவனத்திலிருந்து மோசஸ் என்று ஒருவரும் ஒரு ஜெர்மன் அம்மாளும் வந்தார்கள். பள்ளிக்கூட மைதானத்தில் கூட்டம். இந்த முறை நிஜக் கூட்டம். இருநூறு பேருக்கு மேல். கம்பெனி மேனேஜரும் வந்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

மோசஸ் பட்டியலைப் படித்து ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டார். கூப்பிட்டவர்கள் எழுந்து, "கண்ணாடிக்கு" என்றார்கள். பத்துப் பெயருக்குள் மைதானமே சேர்ந்து "கண்ணாடிக்கு!" என்று கத்த ஆரம்பித்துவிட்டது. ஜெர்மன் அம்மாள் என்னவென்று கேட்க, மோசஸ் சொல்ல, அவர் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். பிறகு மேனேஜரைப் பார்த்தார். அப்போது சிரிக்கவில்லை.

மேனேஜர் எழுந்தார். "தப்பு நடந்துடுச்சு, ஒத்துக்கறேன். ஆனா இந்தத் திட்டம் சூட்டுலேர்ந்து கரண்ட் எடுக்கறதுக்கு. தூசிக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல" என்றார்.

சந்திரகலா அக்கா எழுந்து நின்றார். "ஒரே பொகைதானே சார்? அதுல சூட்ட நீங்க எட்த்துக்கிறீங்க, கரிய எங்களுக்கு உட்றீங்க."

கைதட்டல் அடங்கவே கொஞ்ச நேரம் ஆயிற்று. மோசஸ், "அப்ப திட்டமே வேணாங்கறீங்களா?" என்று கேட்டார். எல்லோரும் அக்காவைப் பார்த்தார்கள்.

"யாரு வேணாங்கறா? கரண்டு எடுக்கட்டும். உலகத்துக்கு நல்லதுன்னா எங்களுக்கும் நல்லதுதான். ஆனா ஒண்ணு எழுதிக்கோங்க. ஃபில்டர் ஓடாத நேரத்துக்கு டப்பு கெடையாது. பத்து மணி நேரம் நிறுத்துனா, அந்தப் பத்து மணி நேரத்துக்கு வெளிநாட்டுலேர்ந்து ஒத்த ரூபா வரக் கூடாது. இப்டி எழுதிட்டா நாங்க கத்தவும் வேணாம், நீங்க வந்து பாக்கவும் வேணாம். அதுவே ஓடும்."

"ஓடுச்சா இல்லையான்னு யாரு பாக்கறது?" என்றார் மேனேஜர்.

"அதுக்குத் தனியா ஒரு மீட்டர் வையுங்க. கேட்டாண்ட ஒரு பலக. தெனம் எங்க ஆளு ஒருத்தரு பார்த்து எழுதுவாரு."

மோசஸ் ஜெர்மன் அம்மாளிடம் பெயர்த்துச் சொன்னார். அந்த அம்மாள் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். இன்னொரு முறை சொல்லச் சொன்னார். பிறகு, "இதை யார் எழுதிக் கொடுத்தது?" என்று கேட்டார்.

"யாரும் எழுதிக் குடுக்கல. இப்பதான சொன்னேன்?" என்றார் அக்கா.

திட்டம் இப்போது திரும்பிப் போய்விட்டது. எல்லாவற்றையும் புதிதாக எழுத வேண்டும். மேனேஜர் போகும்போது என்னைப் பார்த்தும் பார்க்காதது போல் போனார். நான் பார்த்தேன்.

இங்கே மழை நன்றாகப் பெய்கிறது. சம்பா நட்டாகிவிட்டது.

அண்ணன் நியாஸ்


பான்
26 அக்டோபர் 2007

அன்புள்ள அண்ணனுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். பெருநாளுக்கு நீ அனுப்பிய நசீராவின் போட்டோவை மேசையில் வைத்திருக்கிறேன். வருகிறவர்களிடம் எல்லாம் காட்டி, வாப்பாவைப் போல் ஆகிவிட்டேன். எல்லோரும் சுகம் என்று படித்து நிம்மதி.

கம்பெனி மறுபடி கொடுத்த அறிக்கைக்கு இன்று ஒப்புதல் கிடைத்தது. பொதுப் பக்கத்தில் வந்துவிட்டது, அதனால் சொல்லலாம். முப்பத்தோராம் பக்கத்தைப் பார். வறட்டு ஆங்கிலத்தில் இருக்கிறது. தமிழில் சொன்னால் இப்படி வரும்: 'தூசி வடிகட்டும் கருவி இயங்காத நேரங்களில் கிடைக்கும் உமிழ்வுக் குறைப்பு எதுவும் கணக்கில் கொள்ளப்படாது.' சந்திரகலா அக்காவிடம் படித்துக் காட்டு. அவர் சொன்னதுதான் இது. கோட்டு சூட்டு மாட்டி நிற்கிறது.

அதைவிட ஒன்று. ஒப்புதல் கூட்டத்தில் நான் வேறொரு விஷயத்துக்குக் குறிப்பு எடுக்க உட்கார்ந்திருந்தேன். இந்தத் திட்டம் வரும்போது எழுந்து வெளியே போக வேண்டும் என்று கிளம்பினேன். கதவருகே போகும்போது ஓர் உறுப்பினர் கேட்டார்: "இவ்வளவு எளிமையான ஏற்பாடு. கண்காணிக்க ஆள் அனுப்ப வேண்டாம், அபராதம் வேண்டாம். நமக்கு ஏன் இது தோன்றவில்லை?" தலைவர், "நாம் யாரும் அந்தப் புகைபோக்கிக்குப் பின்னால் வசிக்கவில்லையே" என்றார். கதவைச் சாத்திவிட்டு அங்கேயே நின்றேன். வெளியே வந்தவர்களில் இரண்டு நாட்டுக்காரர்கள், தங்கள் ஊர்த் திட்டங்களுக்கு என்று அந்தப் பக்கத்தைப் பிரதி எடுத்துப் போனார்கள்.

ஐந்து வருடமாக இந்தக் கட்டடத்தில் இருக்கிறேன் அண்ணே. இன்றுதான் நிமிர்ந்து நடந்தேன்.

ஆலமேட்டு மக்கள் எல்லோருக்கும் என் ஸலாம். உன் வேலை என்ன ஆயிற்று? சஸ்பெண்ட் என்று எழுதியதோடு சரி, அதற்குப் பிறகு அதை மட்டும் ஒவ்வொரு கடிதத்திலும் தவிர்க்கிறாய்.

ஹஸ்னா


கும்மிடிப்பூண்டி
17 பிப்ரவரி 2008

அன்புத் தங்கை ஹஸ்னாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நசீரா நடக்கிறாள், நடப்பதை விட ஓடுவது அதிகம். ஜபீனும் நானும் அவள் பின்னால் ஓடியே மெலிந்துவிட்டோம். வாப்பா, உம்மா இருவருக்கும் உடம்பு தேவலை.

வேலையைப் பற்றி எழுதாமல் இருந்தேன், உறுதியாகட்டும் என்று. மீட்டர் பார்க்கும் ஆளை ஊர்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று அறிக்கையில் இருந்தது. ஆலமேட்டார் கூடி என் பெயரைக் கொடுத்தார்கள். "அவன் ஒரு தபா வாய மூடிக்கினு பார்த்துட்டான். இன்னொரு தபா மூட மாட்டான்" என்றாராம் கலியண்ணன். கம்பெனிக்கு வேறு வழியில்லை. மின் நிலையம் ஓட ஆரம்பித்த டிசம்பரிலிருந்து சம்பளம் அவர்களுடையது, ஆனால் என்னை நீக்குவதென்றால் ஊர் சம்மதிக்க வேண்டும். தினமும் காலை எட்டு மணிக்கு நானும் சந்திரகலா அக்காவும் மீட்டரைப் பார்ப்போம். ஃபில்டர் நின்ற நேரத்தைக் கேட்டருகே பலகையில் எழுதுவேன்.

டிசம்பர் முடிவில் கூட்டிப் பார்த்தால் பதினொரு மணி நேரம். மேனேஜர் தனியாகக் கூப்பிட்டு, "முதல் மாசம்தானே நியாஸ், ஏதோ ரிப்பேர்னு போட்டுடலாமே" என்றார். "ரிப்பேர்தான் சார். ஆனா பதினொண்ணு பதினொண்ணுதான்" என்றேன். எழுதினேன். அந்தப் பதினொரு மணி நேரத்துக்கு அவர்களுக்கு ஒன்றும் கிடைக்காது. மறுநாளே பெரிய இன்ஜினியர் ஃபில்டரைப் பிரித்துப் பார்க்க ஆள் வரவழைத்தார். நாங்கள் யாரும் கேட்கவில்லை. யாரும் கத்தவில்லை.

பிப்ரவரி முதல் தேதி ஜனவரிக் கணக்கைப் பார்த்தோம். நான் இரண்டு முறை கூட்டினேன். அக்கா மூன்றாவது முறை கூட்டினார். கலியண்ணன் நவரை வயலிலிருந்து சேற்றுக் காலோடு வந்து நின்றார். கேட்டருகே ஷிப்ட் மாறும் கூட்டம் வேறு. நான் சாக்பீஸை எடுத்தேன்.

"குடு இங்க. இத்த நான் எழுதறேன்" என்று அக்கா பிடுங்கிக்கொண்டார்.

பலகையின் இந்த ஓரத்தில் தொடங்கி அந்த ஓரம் வரை கையை வீசிச் சுற்றி, சாலையில் போகும் லாரிக்காரர்களுக்கும் தெரியும்படி, இவ்வளவு பெரிய சைபர் ஒன்று போட்டார்.

உன் அண்ணன்
நியாஸ்